மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஒரு ‘பேர்’: இலங்கை மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூளைக்காய்ச்சல் வந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் துண்டு கொடுத்துக் கூட்டி வந்த அன்று எங்கள் இஸ்தோப்பு (திண்ணை) நிறைய ஆட்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு வீட்டாரும் வந்தார்கள். பிஸ்கட், மால்ட் போத்தல், சாமிப் படம். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “என்னைத் தெரியுதா?” முதல் ஆளுக்கு அம்மா சிரித்தார். இரண்டாம் ஆளுக்கும் சிரித்தார். இருபது வருடம் அவரோடு பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்தெடுத்த பெரியம்மா முகத்துக்கு நேரே குனிந்து அதையே கேட்டபோது, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று முழுக்க அதை விலக்கவில்லை.

ஏழு வருடமாகிறது. இதில் நாங்கள் தப்பாகச் செய்தது நிறைய. பட்டுத் தெரிந்துகொண்டதும், கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பங்கள் சொல்லித்தந்ததும், தேடிப் படித்ததும் சேர்த்து இதை எழுதுகிறேன். மலையில் சறுக்கியோ, பைக்கில் இருந்து விழுந்தோ தலையில் அடிபட்டவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதே முடிவு. ஆனால் டாக்டரை மாதத்துக்கு ஒரு தடவை சில நிமிடம் பார்க்கிறோம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருப்பது நாம்தான்.

முதல் படி: நடந்தது என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியட்டும்

அம்மாவுக்கு முதலில் வந்தது காய்ச்சலும் தலையிடியும்தான். மூன்றாம் நாள், செத்துப்போன தாத்தாவோடு பேச ஆரம்பித்தார். காத்துக் கருப்பு என்று பயந்து பூசாரியிடம் கூட்டிப் போனோம். விபூதி, எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு. வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கும். காய்ச்சலோடு ஒருவர் உளறினால், ஆளே மாறியதுபோல நடந்தால், வலிப்பு வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாமிக்கு நேர்வதைப் போகிற வழியில் நேர்ந்துகொள்ளலாம்.

மூளைக்காய்ச்சல் என்று நாம் சொல்வது மூளையில் அழற்சி ஏற்பட்டு வீங்குவதை. காரணங்கள் பல. அம்மாவுக்கு வந்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால். உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே கிருமி. நம்மில் ஏராளமானோர் உடம்பில் அது சும்மா கிடக்கும், அபூர்வமாக யாரோ ஒருவருக்கு மூளைக்குள் ஏறிவிடும். மருந்து இல்லாவிட்டால் இந்த நோய் பிடித்த பத்துப் பேரில் ஏழு பேர் வரை இறந்துபோவார்கள். இப்போது அசைக்ளோவிர் மருந்தை இரண்டு மூன்று வாரம் நரம்பில் ஏற்றுகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

நுளம்பால் வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். வயல் நீரில் பெருகும் நுளம்பு, பன்றியிடம் இருந்து கிருமியை எடுத்து மனிதருக்குக் கொண்டுவருகிறது. 1980களில் அனுராதபுரம் பக்கம் அது பெரிதாகப் பரவியது. பிள்ளைக்கு ஒரு வயதானதும் கிளினிக்கில் போடும் ஊசி அதற்குத்தான், தவறவிடாதீர்கள். இன்னொரு வகையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும். அதில் முக்கியமான ஒரு வகையை 2007இல்தான் மருத்துவம் அடையாளம் கண்டது. இளம்பெண்களுக்கு அதிகம் வருவது இது. தொடக்கத்தில் மனநோய் போலவே தெரிவதால் ‘பைத்தியம்’ என்று வீட்டில் பூட்டி வைத்த கதையும் நடக்கும்.

ஹெர்பிஸ் கிருமி பெரும்பாலும் தாக்குவது காதுக்கு உள்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியை. புது ஞாபகங்கள் பதிவது அங்கேதான். அதனால்தான் சின்ன வயசுக் கதையைத் தடையில்லாமல் சொல்லும் அம்மாவுக்குக் காலையில் ரொட்டி சாப்பிட்டது தெரியாது. இதை நான் என் தம்பிகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வரைந்து காட்டிச் சொன்னேன். சொன்ன பிறகு ‘நடிக்கிறா’, ‘சோம்பேறியாயிட்டா’ என்ற பேச்சு நின்றது. டயக்னோசிஸ் கார்டை போனில் படமெடுத்து வையுங்கள். மழையில் நனைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: தெம்பைப் பீலித் தண்ணி போலச் செலவழியுங்கள்

முதல் மாதங்களில் எங்களைக் குழப்பியது களைப்பு. உடம்பில் ஒன்றும் இல்லை, நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் தலை வாரி இரண்டு பேரோடு பேசினால் காலை பத்து மணிக்கே சுருண்டு படுத்துவிடுவார். ஒரு மூத்த தாதிதான் விளக்கினார்: காயம்பட்ட மூளைக்கு ஒரு பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதே ஒரு நாள் வேலை.

மாசி மாத வரட்சியில் பீலியில் (மலைத் தண்ணி வந்து விழும் குழாயில்) நூல் போல தண்ணி ஒழுகும், தெரியும்தானே. ஒரு வாளி நிறைய ஒரு மணி நேரம். அந்த வாளியைக் குளிக்கவா, சமைக்கவா என்று யோசித்துத்தான் தொடுவோம். அவருடைய தெம்பும் அப்படித்தான். கிளினிக் போகும் நாளில் வேறு ஒன்றும் வைக்காதீர்கள். குளிப்பது ஒரு வேலை, விருந்தாளி வருவது ஒரு வேலை. ஒரு வேலைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருட்டான காம்பராவில் அரை மணி நேரம் படுக்கட்டும். வாளி காலியான பிறகு படுக்க வைப்பதைவிட, பாதி இருக்கும்போதே நிறுத்துவது நல்லது.

லயத்தில் அமைதிக்கு எங்கே போவது? ஒரே கூரை, பக்கத்து வீட்டு டீவி நம் வீட்டில் பேசும். நான் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். பகல் இரண்டில் இருந்து மூன்று வரை சத்தத்தைக் குறைக்கிறோம் என்றார்கள், இன்றுவரை குறைக்கிறார்கள். கோயில் திருவிழாவின் ஸ்பீக்கரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மூன்று நாளும் அம்மாவை மேல் டிவிஷனில் உள்ள சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

மூன்றாம் படி: சோதனை வைக்காதீர்கள், விடையைச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

“நல்லா யோசிச்சுப் பாரு, நான் யாரு?” என்று கேட்பதை நாம் பாசமாகத்தான் கேட்கிறோம். யோசித்தால் ஞாபகம் திரும்பும் என்று நம்புகிறோம். ஆனால் புது ஞாபகம் பதியாத மூளைக்கு ஊகித்துச் சொல்லும் தப்பான விடை ஒட்டிக்கொள்ளும். அது தப்பு என்று நாம் திருத்தியது மட்டும் மறந்துபோகும். அடுத்த தடவையும் அந்தத் தப்பே வாயில் வரும். 1994இல் இங்கிலாந்தில் ஆலன் பாட்லி, பார்பரா வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஞாபகம் பெரிதும் போனவர்கள், தப்பு செய்யவே இடம் கொடுக்காமல் கற்பித்தபோது நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் அது இப்படி ஆனது. இஸ்தோப்பில் ஏறும்போதே வருபவர் தன்னைச் சொல்லிவிட வேண்டும்: “மதினி, நான் கீழ் லயத்துக் கமலா. உங்ககூட மூணாம் மலையில கொழுந்தெடுத்தவ.” அவ்வளவுதான். அம்மாவின் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். தெரியாததை மறைக்க வேண்டியதில்லை என்று ஆனதும் அவரே கேட்கத் தொடங்கினார், “உன் மக எப்படி இருக்கா?” என்று. கமலா அத்தைக்கு மகள் இல்லை, இரண்டும் மகன்கள். அத்தை சலிக்கவில்லை. “ரெண்டு பயலுகளும் நல்லா இருக்கானுங்க மதினி” என்றார். திருத்தியதும் ஆயிற்று, அவமானமும் இல்லை.

புதிதாக ஏதும் பழக்க வேண்டும் என்றாலும் இதே முறைதான். மாத்திரைப் பெட்டியில் இருந்து எடுக்கப் பழக்கியபோது முதல் வாரம் அம்மாவின் கையைப் பிடித்தே சரியான அறையைத் திறந்தேன். இரண்டாம் வாரம் மணிக்கட்டை மட்டும் தொட்டேன். அப்புறம் விரலால் காட்டினேன். ஆறாம் வாரம் பக்கத்தில் சும்மா நின்றேன்.

நான்காம் படி: ஞாபகத்தை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்

ஒரு நாள் அம்மா நான்காவது வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, லயத்தில் எல்லா வாசலும் ஒரே மாதிரிதான். எங்கள் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். ‘மஞ்சக் கதவு நம்ம வீடு’ என்று ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும் சொன்னோம். மூன்று மாதத்தில் கால் பழகிவிட்டது. கேட்டால் கதவின் நிறம் தெரியாது, ஆனால் சரியாக வந்து சேருவார்.

நாள் கிழிக்கும் காலண்டரைப் போல ஒரு கருவி இதற்கு இல்லை. அலுமாரிக்குப் பக்கத்தில், அவர் கண் மட்டத்தில் மாட்டுங்கள். எழுந்ததும் அவரே ஒரு தாளைக் கிழிக்கட்டும், கிழித்த கையில் தேத்தண்ணியைக் கொடுங்கள். அதோடு ஒரு கொப்பி. அதில் இன்று யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு நீங்கள் எழுதி, அவர் சொன்ன வார்த்தையையே போடுங்கள். எழுத்தே தெரியாதவருக்குப் போனில் எடுத்த படங்களும், அவர் குரலிலேயே பதிந்ததும் அந்த வேலையைச் செய்யும்.

மூக்குக் கண்ணாடி, செருப்பு, சுருக்குப் பை எல்லாவற்றுக்கும் ஒரே இடம். நீங்களும் மாற்றக்கூடாது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று தீபாவளிக்கு நான் அலுமாரியை நகர்த்தி வைத்தேன், அம்மா ஒரு வாரம் தடுமாறினார். சுருக்குப் பைக்குள் பெயர், டிவிஷன், லயம் நம்பர், நமது போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கட்டும்.

ஐந்தாம் படி: வலிப்புக்குத் தயாராக இருங்கள்

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகும் தலைக்காயத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்தும் வரும். வந்தால் கையில் இரும்பு, சாவி கொடுக்க வேண்டாம். வாயில் கரண்டி வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பக்கத்தில் அடுப்பு, கல், படி இருந்தால் அகற்றுங்கள், முடியாவிட்டால் ஆளை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துணி வையுங்கள். உதறல் நின்றதும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துப் பாதை வெளியாருக்குத் தெரியாது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று சொல்லி, ஒருவரை மெயின் ரோட்டில் நிற்க வையுங்கள்.

வலிப்பு மாத்திரையை ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். மழை காலத்தில் மண் சரிந்து பாதை மூடிவிடும், கிளினிக் நாள் தவறும். இதை டாக்டரிடம் சொல்லி ஒரு வார மாத்திரையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்பைத் தனியாக மூட்ட விடாதீர்கள், ஆற்றில் தனியாகக் குளிக்க விடாதீர்கள். டாக்டர் அனுமதிக்கும் வரை வாகனம் ஓட்டக்கூடாது.

ஆறாம் படி: கோபமும் அழுகையும், பார்த்துக்கொள்கிற உங்களுக்கும்

சட்டென்று எரிந்து விழுவார், காரணமில்லாமல் அழுவார், நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாததைச் சொல்வார். நெற்றிப் பக்கத்து மூளையில் அடிபட்டால் பேச்சுக்கும் செயலுக்கும் பிரேக் போடும் சக்தி குறையும். சில பேருக்குத் தன்னில் மாற்றம் இருப்பதே தெரியாது. அவர்கள் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதீர்கள், அதைக் காணும் பகுதியே காயப்பட்டிருக்கிறது. கோபம் ஏறும்போது வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. நான் “அம்மா, தண்ணி கொண்டு வாறேன்” என்று வெளியே போய்விடுவேன். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பெரும்பாலும் கோபத்துக்கு முன்னால் சத்தமோ பசியோ களைப்போ இருந்திருக்கும், கொப்பியில் குறித்து வந்தால் தெரியும்.

உங்களைப் பற்றியும் ஒன்று. ஆள் கண்முன்னே இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த ஆள் இல்லை. இந்தத் துக்கத்துக்கு எட்டு, கருமாதி எதுவும் இல்லை, யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள். ‘உசிரோட இருக்காங்களே, அதுக்கு சந்தோசப்படு’ என்பார்கள். நான் இரண்டு வருடம் பீலியடியில் தண்ணி சத்தத்தில்தான் அழுதேன். அப்படி ஒளித்து அழ வேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன். வாரத்தில் ஒரு பின்னேரம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வெளியே போங்கள். நோயாளியோ நீங்களோ ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்று பேசத் தொடங்கினால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், கிளினிக்கிலும் சொல்லுங்கள்.

ஏழாம் படி: காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் மருத்துவ அறிக்கையும் கொண்டுபோய் மாற்றுத்திறனாளி உதவிக்குப் பதியுங்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று மருத்துவ ரீதியாக உறுதியானால், ஓய்வு வயதுக்கு முன்பே ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுக்கலாம். ஈ.டி.எஃபிலும் (ஊழியர் நம்பிக்கை நிதி) இதற்கென ஒரு கொடுப்பனவு உண்டு. ஆனால் அவசரப்பட்டு முதல் வருடத்திலேயே ‘இனி முடியாது’ என்று எழுதிக்கொடுக்க வேண்டாம். வேகமான முன்னேற்றம் முதல் மாதங்களில் வரும் என்றாலும், அது வருடக்கணக்கில் மெதுவாகத் தொடரும். கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. அங்கே அனுப்ப முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மொழி தெரியாததால் பேசாமல் திரும்பி வந்தவர்களில் நாங்களும் இருந்தோம். இப்போது கேள்விகளைத் துண்டில் எழுதிக்கொண்டு, சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிப் போகிறேன்.

எட்டாம் படி: தினம் ஒரு பேர்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு நாம் சொல்லும் வார்த்தை ‘பேர்’. முழு நாள் செய்தால் ஒரு பேர், பாதி செய்தால் அரைப் பேர். அம்மா பதினாறு வயதில் பேர் பதிந்தவர், முப்பத்தொரு வருடம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் பேர் கூப்பிடப்பட்டது. நோய்க்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு, மலையில் இருந்து பெண்கள் இறங்கும் சத்தம் கேட்டதும் அவர் கேட்பார்: “புள்ள, எனக்கு இன்னைக்கு பேரு விழுந்திச்சா?”

முதலில் உண்மையைச் சொன்னேன். பேரை வெட்டிவிட்டார்கள் என்று ஒவ்வொரு பின்னேரமும் அவர் புதிதாகக் கேட்டு, புதிதாக உடைந்தார். அப்புறம் பொய் சொன்னேன். அதுவும் சரிவரவில்லை, கையைப் பார்ப்பார், கொழுந்துக் கறை இல்லை. அப்போதுதான் தோன்றியது, அவர் கேட்பதற்கு உண்மையாகவே ஒரு பதிலை உண்டாக்கலாமே என்று. ஒரு கொப்பி வாங்கி, தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோல் மாதிரி கோடு போட்டு, மேலே அம்மாவின் பெயரை எழுதினேன். வீட்டுக்கு உண்மையில் தேவைப்படும் ஒரு வேலையை அவர் செய்தால் அன்றைக்கு ஒரு பேர்.

வேலையைத் தேர்வதில்தான் விஷயம் இருக்கிறது. கை ஏற்கெனவே அறிந்த வேலையாக இருக்கட்டும். கைப்பழக்கம் மூளையில் வேறிடத்தில் பதிவதால் ஞாபகம் போனாலும் அது நிற்கும். இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக்கலைஞர் 1985இல் இதே ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலால் புது ஞாபகம் முழுவதையும் இழந்தார். சில நிமிடத்துக்கு முன் நடந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் பியானோ முன் உட்கார்ந்தால் வாசிப்பார், மனைவியைக் கண்டால் பெருமகிழ்ச்சியோடு கட்டிக்கொள்வார். கிளினிக்கில் பழக்கமான, ஆட்டோவில் இருந்து விழுந்த ஒரு தம்பிக்குக் காமன் கூத்தில் கதை மறந்துவிட்டது. தப்பு மேளத்தைக் கையில் கொடுத்தால் அடி பிசகவில்லை. மாசி வந்தால் அவனைத் தேடி ஆள் வருகிறது.

அடுத்தது, அரை மணிக்குள் முடிகிற வேலை. அதைவிட முக்கியம், அது இல்லாவிட்டால் யாருக்காவது குறைய வேண்டும். பிரித்த பருப்பை மறுபடி கலந்து கொடுத்து ‘பொறுக்குங்க’ என்றால் எவ்வளவு ஞாபகம் போனவருக்கும் அது தெரிந்துவிடும். அம்மா வெங்காயம் உரிக்கிறார், கீரை ஆய்கிறார், லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்குகிறார். தம்பியின் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறார். பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருப்போம். பிள்ளையின் பெயர் அவருக்கு நிற்காது, பாட்டில் ஒரு வரி தவறாது.

பாத்தி ஓரத்தில் கவ்வாத்துப் பண்ணாமல் (கிளை வெட்டாமல்) விட்ட நாலு தேயிலைச் செடி இருக்கிறது. ஒரு நாள் நானே பார்த்தேன். யாரும் சொல்லாமல் அம்மா அதன் முன் நின்றார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் எழுந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும், சொடுக்கு. இரண்டு இலையும் ஒரு மொட்டும், சொடுக்கு. முத்தின இலையை விரல் தானாகவே தாண்டிப் போனது. உள்ளங்கை நிறைந்ததும் கை தோளுக்குப் பின்னால் போய்க் கூடையைத் தேடியது. கூடை இல்லை. நான் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து பின்னால் பிடித்தேன். இப்போது செவ்வாயும் சனியும் எடுக்கிறார். வீட்டிலேயே வாட்டி உலர்த்துகிறோம், வருகிறவர்களுக்கு அந்தத் தேத்தண்ணிதான்.

முடியாத நாள்களும் வரும், கொப்பியில் அதையும் எழுதுங்கள். போன வியாழன் விடாத மழை. அம்மா தலை வலிக்கிறது என்று பகல் முழுக்கப் படுத்திருந்தார், மூன்று மணிக்கு மேல் கொஞ்ச நேரம் குசினியில் உட்கார்ந்தார். நான் அரைப் பேர் போட்டேன். ஐந்து மணிக்கு மஞ்சக் கதவோரம் உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்டார், கொப்பியைக் கொடுத்தேன். விரலை வரியில் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் அந்த விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

“வெங்காயம் உரிச்சிருக்கேனே புள்ள. ஏன் அரை?”

உரித்தது உண்மைதான். அரையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.